சேவல் செய்த குற்றம்

சென்ற ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு வழக்கு நடந்தது. குற்றஞ் சாட்டப்பட்டது ஒரு சேவல். சாட்டியவன் நான். தீர்ப்புச் சொல்ல இருந்தவனும், தண்டனையை நிறைவேற்றக் கத்தியைக் கையிலெடுத்து விட்டவனும் நான்தான். வாதியும் நீதிபதியும் ஒரே ஆளாக இருக்கும் வழக்கில் நீதி எந்த அளவுக்குக் கிடைக்கும் என்பதை வாசக அன்பர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

நடந்தது இதுதான். ஏழு வயதான என் இளைய மகன் அஸர் தொழுகைக்குப் பிறகு முட்டை எடுக்கக் கோழிக்கூட்டுப் பக்கம் போயிருக்கிறான். எங்கள் பெரிய சேவல் செந்நிறமானது, அசில் கலப்பு, நல்ல உயரம். அது பின்னாலிருந்து பாய்ந்து காலால் அடித்திருக்கிறது. திரும்பிய பிள்ளையின் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே ஒரு விரற்கடைத் தூரத்தில், கால்முள் கீறி விட்டது. இரத்தம் வழிய அலறிக்கொண்டு ஓடி வந்தான். ஒரு விரற்கடை மேலே பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்! அல்ஹம்து லில்லாஹ், அல்லாஹ் காத்தான். பிள்ளையை அவன் உம்மாவிடம் விட்டுவிட்டு, அடுப்படியிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். சேவலைத் துரத்தி, மதில் மூலையில் மடக்கி, காலைப் பிடித்தும் விட்டேன்.

கொல்லைப் படியில் அமர்ந்து தஸ்பீஹ் உருட்டிக் கொண்டிருந்தார்கள் என் மாமி. வாப்பாவுடன் பிறந்த மூத்தவர்கள்; எண்பதை நெருங்குபவர்கள்; எங்களோடு சில நாள் தங்கிப் போக வந்திருந்தார்கள். தலையை நிமிர்த்தாமலேயே கேட்டார்கள்:

"தம்பி, இப்ப பிஸ்மில்லாஹ் சொல்ல உன் வாய்க்கு வருமா?"

உண்மையைச் சொல்லி விடுகிறேன். வரவில்லை. அந்த நேரத்தில் என் நாவில் இருந்தது வேறு சொல். அதை இந்தப் பக்கத்தில் எழுத முடியாது. கை தளர்ந்தது. சேவல் நழுவி ஓடியது.

"அது சாக்கடையை மேஞ்ச சாவல். பஞ்சாரத்துலே மூணு நாள் போட்டு வச்சு, நல்ல தானியமும் தண்ணியும் கொடு. அதுக்கப்புறம் அறு, அறுக்க மனசிருந்தா" என்று சொல்லிவிட்டு மாமி விட்ட இடத்திலிருந்து தஸ்பீஹைத் தொடர்ந்தார்கள்.

இந்த மூன்று நாள் என்பது மாமியின் சொந்தக் கணக்கல்ல. அசுத்தத்தையே தின்று அதனால் இறைச்சியில் வாடை ஏறிவிட்ட பிராணியை 'ஜல்லாலா' என்பார்கள். அத்தகைய கோழியை ஹஜ்ரத் இப்னு உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் மூன்று நாள் அடைத்து வைத்துவிட்டுப் பிறகே உண்பார்கள் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. குப்பையைக் கிளறும் கோழியெல்லாம் ஜல்லாலா ஆகிவிடாது என்று சட்ட அறிஞர்கள் விளக்கியிருந்தாலும், நம் தாய்மார்கள் பேணுதலுக்காக இந்த வழக்கத்தைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். கோழியின் வயிறு சுத்தமாவதற்காக ஏற்பட்ட அந்த மூன்று நாள் எனக்கு வேறொன்றுக்கும் உதவியது. சேவல் பஞ்சாரத்துக்குள் இருந்தது. நான் வெளியே உட்கார்ந்து யோசித்தேன்.

சேவல் குற்றம் செய்ததா? செய்யவில்லை என்றால், நான் எதைத் தண்டிக்கப் போனேன்?

சேவலை நம் மார்க்கம் சாதாரணமாகக் குறிப்பிட்டுவிட்டு விடவில்லை. சேவல் கூவுவதைக் கேட்டால் அல்லாஹ்விடம் அவனுடைய அருளை வேண்டும்படியும், அது ஒரு மலக்கைக் கண்டுதான் கூவுகிறது என்றும் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அருளியிருப்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியிருக்கிறது. தொழுகைக்கு எழுப்புகிற காரணத்தால் சேவலை ஏசக் கூடாது என்று அவர்கள் தடுத்திருப்பது அபூதாவூதில் வருகிறது. இந்த ஹதீஸை பயானில் கேட்டுத் தலையசைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, அரிசிப் பானையைக் கவிழ்த்துவிட்ட சேவலைப் பார்த்து "கழிச்சல்லே போவான்" என்று நாம் ஏசுகிறோமா இல்லையா? கோழிக்கு வருகிற நோயின் பெயரைச் சொல்லியே கோழியைச் சபிக்கிறோம். அன்று என் நாவில் இருந்த சொல் இதைவிடக் கடுமையானது.

பிரயாணத்தில் ஓர் அன்சாரிப் பெண்மணி தம் ஒட்டகம் சண்டித்தனம் செய்ததால் அதைச் சபித்தார். அதைச் செவியுற்ற நாயகம் (ஸல்) அவர்கள், ஒட்டகத்தின் மீதிருந்த சுமையை இறக்கிவிட்டு அதை விட்டுவிடும்படியும், அது சபிக்கப்பட்டு விட்டது என்றும் சொன்னதாக முஸ்லிமில் காண்கிறோம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சண்டித்தனம் செய்தது ஒட்டகம். ஏறிப் போக ஒட்டகமில்லாமல் நின்றது அந்தப் பெண்மணி!

மனிதனுக்கும் ஜின்னுக்கும்தான் மார்க்கக் கட்டளைகளின் பொறுப்பு உண்டு. அந்தப் பொறுப்பைத்தான் 'தக்லீஃப்' என்கிறோம். அறிவு வராத குழந்தைக்கும், புத்தி பேதலித்தவருக்கும்கூட அது இல்லை. அப்படியிருக்க, கடலை அளவு மூளையுள்ள ஒரு பறவைக்கு எங்கிருந்து வரும்? சேவல் பாவம் செய்ய முடியாது. பாவம் செய்ய முடியாத ஒன்றைத் தண்டிக்கவும் முடியாது. அடிக்கலாம், கொல்லலாம், ஆனால் அதற்குத் தண்டனை என்று பெயர் வைக்க முடியாது. அதன் உண்மையான பெயர் ஆத்திரம்.

இங்கே மார்க்கம் தெரிந்த வாசகர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: 'கியாமத்து நாளில் கொம்பில்லாத ஆட்டுக்காகக் கொம்புள்ள ஆட்டிடம் பழி வாங்கப்படும் என்று முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறதே, ஆட்டுக்குப் பொறுப்பில்லை என்றால் அதனிடம் கணக்குத் தீர்ப்பது எப்படி?' நியாயமான கேள்விதான். நானும் முதல் நாள் இரவு இதில்தான் முட்டிக்கொண்டு நின்றேன். இமாம் நவவீ ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள் தம் விரிவுரையில் இதற்கு விளக்கம் தருகிறார்கள். அது பொறுப்புச் சுமத்தப்பட்டவர்களிடம் வாங்கும் பழியன்று. ஆட்டுக்குப் பொறுப்பு ஏதுமில்லை. ஈட்டுக்கு ஈடு சரி செய்வது மட்டுமே என்பது அந்த விளக்கத்தின் சாரம். அதாவது, குற்றமில்லாத இடத்திலும் வலி இருக்கிறது. முட்டியது குற்றவாளி அல்ல என்பதற்காக, முட்டுப்பட்டதன் வலி கணக்கில் வராமல் போவதில்லை. அந்தக் கணக்கைத் தீர்ப்பவன் அல்லாஹ்.

இதை யோசித்துக்கொண்டே விடிந்ததும் கொல்லைக்குப் போனேன். எங்கள் பெட்டைக் கோழிகள் மூன்றும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. அன்றுதான் அவற்றின் முதுகை ஒழுங்காகப் பார்த்தேன். மூன்றுக்கும் முதுகில் இறகு இல்லை. செம்மறிக் கம்பளியை வழித்ததுபோல் தோல் சிவந்து தெரிந்தது. ஒன்றுக்குச் சிறகடியில் ஆறாத கீறல். கொம்பில்லாத ஆடு எங்கேயோ இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் கொல்லையிலேயே மூன்று இருந்திருக்கின்றன!

மாமியை அழைத்துக் காட்டினேன். அவர்கள் ஒரு மருத்துவரைப்போல் விசாரணையைத் தொடங்கினார்கள்.

"பெட்டை எத்தனை?"

"மூணு."

"சாவல்?"

"இரண்டு. இந்தப் பெரியது, அப்புறம் அந்தக் கறுப்புச் சின்னது."

மாமி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்கள். "மூணு பெட்டைக்கு இரண்டு சாவலா? எங்க உம்மா காலத்துலே பத்துப் பெட்டைக்கு ஒரு சாவல் வைப்பாங்க. நீ கொல்லையிலே கோழியா வளர்த்தே? சண்டையை வளர்த்திருக்கே."

கோழி வளர்ப்பைப் படித்தவர்களும் ஏறத்தாழ இதே கணக்கைத்தான் சொல்கிறார்கள். ஒரு சேவலுக்கு எட்டு முதல் பன்னிரண்டு பெட்டை வரை. அதற்குக் குறைந்தால் சேவல் மிதித்து மிதித்துப் பெட்டைகளின் முதுகு புண்ணாகும். இரண்டு சேவல் இருந்தால் யார் மூத்தவன் என்கிற போட்டி ஒவ்வொரு நாளும் நடக்கும். கோழிகளுக்குள் மேல் கீழ் என்று ஒரு வரிசை உண்டு; மேலிருப்பது கீழிருப்பதைக் கொத்தும், கீழிருப்பது திருப்பிக் கொத்தாது. இதை நார்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டெரப் எப்பே என்பவர் சிறுவயது முதலே கோழிகளைக் கவனித்து, 1920களின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாக எழுதினார். எங்கள் மாமி அதைப் படித்ததில்லை. தீனியை ஒரே இடத்தில் கொட்டாதே, மூன்று இடத்தில் போடு. கீழே இருப்பதும் தின்னட்டும் என்று மட்டும் சொன்னார்கள்.

விசாரணை அத்துடன் முடியவில்லை. "இது குஞ்சா இருக்கையிலே யாரு வளர்த்தா?" என்று கேட்டார்கள். பிள்ளைகள்தான். மடியில் வைத்துக் கொஞ்சி, உள்ளங்கையில் குருணையை வைத்து ஊட்டி வளர்த்தார்கள். நாங்களும் பார்த்து மகிழ்ந்தோம். பெட்டைக் குஞ்சுக்கு அது கெடுதலில்லை. சேவல் குஞ்சுக்குக் கெடுதல் என்று எங்களுக்குத் தெரியாது. மனிதரிடம் அச்சம் விட்டுப்போன சேவல், ஐந்தாறு மாதத்தில் கொண்டை சிவந்து கால்முள் தலைகாட்டும்போது, மனிதரையும் தன்னைப்போன்ற மற்றொரு சேவலாகவே எண்ணிக்கொண்டு போட்டிக்கு வருகிறது. அது சிறகைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நடந்து வருவதைப் பிள்ளைகள் 'சேவல் டான்ஸ் ஆடுது' என்று கைகொட்டிச் சிரித்தார்கள். பிறகு அது பாய ஆரம்பித்ததும் விளக்குமாற்றை நீட்டி விளையாடினார்கள். ஆள் ஓடினால் சேவல் வென்றது. விளக்குமாற்றால் அடித்தால் சண்டை நாளைக்குத் தொடரும். இரண்டில் எது செய்தாலும் அதற்கு நாம் பயிற்சி கொடுத்தவர்களாகிறோம்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்வானேன்? என் காலில் அது கொத்தியபோது நான் இரண்டு தடவை எட்டி உதைத்திருக்கிறேன். உதைத்தால் புத்தி வரும் என்பது என் எண்ணம். சேவலுக்கு உதை என்பது ஓர் அழைப்பு என்று மாமி சொல்லித்தான் தெரிந்தது. 'வா, மோதிப் பார்க்கலாம்' என்று நான் அழைத்தேன், அது வந்தது, ஆனால் நான் இல்லாத நேரத்தில், என் மகனிடம் வந்தது.

அன்னை ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அவர்கள் ஒருமுறை முரட்டு ஒட்டகமொன்றில் ஏறி அதை அடக்க இப்படியும் அப்படியும் கடுமையாகத் திருப்பியபோது, மென்மையைக் கைக்கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். மென்மை எதில் இருந்தாலும் அதை அழகாக்கும், எதிலிருந்து நீங்கினாலும் அதை அவலமாக்கும் என்ற கருத்தில் அமைந்த அந்தப் புகழ்பெற்ற ஹதீஸை நாம் பிள்ளை வளர்ப்புக்கும், குடும்ப வாழ்க்கைக்கும் எடுத்துச் சொல்கிறோம். அது முதலில் ஒரு முரட்டுப் பிராணியைக் கையாள்வது பற்றிச் சொல்லப்பட்டது என்பதை ஏனோ மறந்து விடுகிறோம்.

மென்மை என்றால் விட்டுக்கொடுத்து ஓடுவதல்ல. மாமி செய்து காட்டினார்கள். எண்பது வயதில், கையில் தடிகூட இல்லாமல், சின்னக் கறுப்புச் சேவலை நோக்கி மெதுவாக நேரே நடந்தார்கள். அது சிறகைத் தாழ்த்தியது. மாமி நிற்கவுமில்லை, விலகவுமில்லை. அது இரண்டடி பின்வாங்கிப் பக்கத்தில் போய் மண்ணைக் கொத்த ஆரம்பித்தது. அதன்பிறகு மாமியும் அதை ஏறிட்டுப் பார்க்காமல் கொடியில் கிடந்த துணியை எடுத்தார்கள். பாய்ந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அப்போதும் அடிக்காதே, இராத்திரி கூட்டில் அடைந்து கண் மயங்கியபின் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நட, இப்படிப் பல நாள் செய் என்றார்கள். கால்முள்ளின் கூர்மையான நுனியை மட்டும் அரத்தால் ராவி மழுக்கலாம். உள்ளே இரத்த ஓட்டம் இருப்பதால் ஒட்ட நறுக்கக் கூடாது. இதெல்லாம் எல்லாச் சேவலுக்கும் பலிக்குமா என்றால், இல்லை. முரட்டுப் பழக்கம் முற்றிவிட்ட சேவல் பெரும்பாலும் திருந்துவதில்லை. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை வைத்துக்கொண்டு பரீட்சை செய்து பார்ப்பதும் சரியில்லை.

இரண்டாம் நாள் காலையில் நான் பஞ்சாரத்துக்குள் கம்பைப் போட்டபோது ஒன்று நடந்தது. அந்தப் பெரிய சேவல் உடனே தின்னவில்லை. 'டக் டக் டக்' என்று குரல் கொடுத்து, ஒரு தானியத்தை அலகால் எடுத்து எடுத்துக் கீழே போட்டது. வெளியே இருந்த பெட்டைகள் ஓடி வந்து மூங்கில் இடுக்கு வழியே அதைக் கொத்தித் தின்றன. இது எல்லாச் சேவலுக்கும் உள்ள இயல்புதான். ஹிஜ்ரி 255-இல் மறைந்த பஸராவின் பேரறிஞர் ஜாஹிஸ், கஞ்சர்களைப் பற்றி எழுதிய தம் நூலில், துமாமா என்பவர் சொன்னதாக ஒரு செய்தியைத் தருகிறார். எந்த ஊர்ச் சேவலும் தானியத்தை எடுத்துப் பெட்டைகளின் முன்னே போடுகிறதாம். மர்வு நகரத்துச் சேவல்கள் மட்டும் பெட்டைகளின் அலகிலிருந்தே பறித்துத் தின்கின்றனவாம். அதைக் கண்டதும், அந்த ஊராரின் கஞ்சத்தனம் அந்த மண்ணிலும் நீரிலுமே ஊறியிருக்கிறது என்று துமாமா தெரிந்துகொண்டாராம். வேடிக்கைக்காகச் சொன்னதுதான். ஆனாலும் ஒரு வீட்டுச் சேவலைப் பார்த்து அந்த வீட்டாரை எடைபோடலாம் என்பது எனக்கு அன்று வேடிக்கையாகப் படவில்லை.

அன்று மாலை வெளியூர்க்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பிள்ளையைக் கீறிய சேவல் என்ற செய்தி கடைத்தெரு வரை பரவியிருக்கிறது. பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்தார். கால், கழுத்து, கண் எல்லாம் பார்த்தார். ஐயாயிரம் ரூபாய் தருகிறேன் என்றார். சேவற்கட்டுக்காரர்!

நான் தயங்கியதைக் கண்டு அவர் சொன்ன வாதம் லேசானதல்ல. "பாய், நீங்க எப்படியும் அறுக்கத்தானே போறீங்க? என்கிட்டே இருந்தா உயிரோட இருக்கும். பாதாமும் முட்டையும் போட்டுத்தான் வளர்ப்பேன். உங்க பிள்ளைக்கும் ஆபத்தில்லே." கறிக்கு அறுத்தால் இரண்டு கிலோ தேறும். கொடுத்தால் ஐயாயிரம். சேவலும் பிழைக்கும். எனக்கு நாக்கு எழவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, மஃரிபுக்குப் பின் பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் கேட்டேன்.

அவர்கள் சிரித்துவிட்டு, மலபாரின் ஜைனுத்தீன் மக்தூம் ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள் ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டில் எழுதிய 'ஃபத்ஹுல் முஈன்' கிதாபை எடுத்தார்கள். நம் கரையோர மதரஸாக்களில் ஷாஃபிஈ சட்டம் ஓதும் மாணவர்களுக்குப் பழக்கமான கிதாபு. அதில் வியாபாரப் பகுதியில், திராட்சையை மது காய்ச்சுபவனுக்கு விற்பதைத் தடுக்கும் இடத்திலேயே, சண்டைக்கு விடுபவனுக்குச் சேவலை விற்பதும் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டிருக்கிறது! வாங்குபவன் அதற்குத்தான் வாங்குகிறான் என்று தெரிந்தாலோ, அப்படி நினைக்க வலுவான இடமிருந்தாலோ ஹராம்; வெறும் சந்தேகம் மட்டும் இருந்தால் மக்ரூஹ். பிராணிகளை ஒன்றோடொன்று மூட்டிவிடுவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் வரும் செய்தியையும் ஹஜ்ரத் சுட்டிக் காட்டினார்கள். நாட்டுச் சட்டத்திலும் 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிராணிகளைச் சண்டைக்குத் தூண்டுவதைக் குற்றமாக்கியிருக்கிறது.

சட்டம் தெளிவாகிவிட்டது. ஆனாலும் அந்த மனிதரின் வாதம் இரவெல்லாம் காதில் ஒலித்தது. அறுப்பதைவிட உயிரோடு விடுவது மேலல்லவா? நெடுநேரம் கழித்துத்தான் ஒன்று புலப்பட்டது. எந்தக் குணத்துக்காக நான் அந்தச் சேவலை வெறுத்தேனோ, அந்தக் குணத்துக்குத்தான் அவர் விலை பேசினார். என் வீட்டின் கவனக்குறைவால் அதில் மூண்ட வெறியை அவர் இன்னும் ஊதி வளர்ப்பார். அதன் காலில் கத்தியைக் கட்டி, இன்னொரு வீட்டில் மூண்ட வெறியோடு மோத விடுவார். பாதாமும் முட்டையும் அதற்காகத்தான். கத்தி என்னிடமும் உண்டு. ஆனால் என் கத்தி சீக்கிரம் முடிக்க வேண்டியது. எதையும் செவ்வனே செய்யும்படி அல்லாஹ் விதித்திருக்கிறான், ஆகவே அறுக்கும்போதும் கத்தியைக் கூர்மையாக்கிப் பிராணிக்குச் சிரமமில்லாமல் அறுக்க வேண்டும் என்று ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் முஸ்லிம் ஹதீஸ் கட்டளையிடுகிறதல்லவா? மறுநாள் அவர் வந்தபோது இல்லை என்று சொல்லிவிட்டேன். ஐயாயிரத்தை நினைத்து என் நப்ஸு கொஞ்ச நாள் முணுமுணுத்தது உண்மை.

இதற்கிடையில் மற்றொரு புகாரும் நிலுவையில் இருந்தது. பக்கத்து வீட்டு டீச்சரம்மாவின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். கைக்குழந்தை. "உங்க சேவலுக்கு மணி பார்க்கத் தெரியலே போலிருக்கு, மூணு மணிக்கே கூவுது" என்று அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்துச் சொன்னாலும் அது ஒரு மனக்குறை. நம் அண்டை வீட்டார் எந்த மதத்தவராயினும் நம்மால் அவருக்குத் தொல்லை நேரக் கூடாது. சேவல் மணி பார்க்கத் தெரியாமல் கூவவில்லை. ஜப்பானில் நகோயாப் பல்கலைக் கழகத்தார் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வெளிச்சம் மாறாத அறையில் அடைத்து வைத்தாலும் சேவல் நாளுக்கொருமுறை வேளை தவறாமல் கூவுவதைக் கண்டார்கள். கடிகாரம் அதன் உடம்புக்குள் இருக்கிறது. விளக்கு வெளிச்சமும் மற்றச் சேவலின் சத்தமும் அதைத் தூண்டும் என்பதையும் கண்டார்கள். எங்கள் கோழிக்கூடு டீச்சரம்மாவின் சன்னலுக்கு நேரே, தெருவிளக்கு முழு வெளிச்சமும் விழும் இடத்தில் இருந்தது! அதைக் கிணற்றடிப் பக்கம் மாற்றி, இரவில் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டோம். கூவுவது நிற்கவில்லை, நிற்கவும் வேண்டாம். ஆனால் குழந்தையின் காதருகில் கூவவில்லை. வெளிநாடுகளில் சேவல் சத்தமாகக் கூவாமலிருக்கக் கழுத்தில் இறுக்கும் பட்டை விற்கிறார்களாம். கூட்டை நகர்த்தச் சோம்பிக்கொண்டு சேவலின் தொண்டையை நெருக்குவது எந்த நியாயமோ தெரியவில்லை.

முட்டை மட்டும் போதும் என்கிற வீட்டுக்குச் சேவலே வேண்டியதில்லை. பெட்டை சேவலில்லாமலே முட்டையிடும். குஞ்சு வேண்டும் என்றால்தான் சேவல். அப்படி அடை வைத்தால் பொரிப்பதில் ஏறத்தாழப் பாதி சேவலாகவே இருக்கும். அத்தனைக்கும் ஒரு கொல்லையில் இடம் இராது. ஆகவே கோழி வளர்க்கத் தொடங்குகிறவர் அன்றைக்கே கத்தியைப் பற்றியும் யோசித்துவிட வேண்டும். கடையில் முட்டை வாங்குகிற நமக்கு இந்தத் தொல்லை இல்லையே என்று யாரும் மகிழ வேண்டாம். முட்டைக்கென்றே வளர்க்கும் இனங்களில் சேவல் குஞ்சுகளைப் பொரித்த நாளிலேயே கொன்றுவிடுவது உலகெங்கும் பண்ணைகளின் வழக்கம். ஜெர்மனி மாத்திரம் 2022-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து அதைச் சட்டத்தால் தடுத்தது, வேறு சில நாடுகளும் அந்த வழியில் இறங்கியுள்ளன. ஒரு சிட்டுக்குருவியையோ அதைவிடப் பெரியதையோ உரிமையின்றிக் கொன்றவரிடம் அல்லாஹ் அதைப் பற்றி விசாரிப்பான் என்று நஸாஈயில் ஒரு ஹதீஸ் உண்டு. அதன் உரிமை என்ன என்று கேட்கப்பட்டபோது, அறுத்து உண்பதே தவிர, தலையைத் துண்டித்து வீசுவதல்ல என்று விளக்கம் கிடைத்தது. அன்று மாலை நான் கத்தியோடு ஓடினேனே, அப்போது அந்தச் சேவலை அறுத்து உண்ணவா போனேன்? வெட்டி எறியத்தான் போனேன்.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. சுபுஹு தொழுது வந்தேன். கோபம் போய்விட்டிருந்தது. போனபின் பார்த்தால், கோபத்துக்கு அடியில் காரணம் மட்டும் அப்படியே இருந்தது. மூன்று பெட்டைக்கு இரண்டு சேவல் கூடாது. பிள்ளையின் கண்ணை அடுத்த தடவையும் ஒரு விரற்கடை காக்கும் என்று இருக்க முடியாது. மாமியின் ஊருக்கு அனுப்பலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். அங்கே அவர்கள் பேரன் பேத்திகள் ஆறு பேர் ஓடியாடுகிறார்கள். கோபமாக இருக்கையில் அறுப்பது எளிதாயிருந்திருக்கும். இப்போது கஷ்டமாக இருந்தது. அது சரிதான் என்றும் தோன்றியது.

கத்தியைச் சேவல் பார்க்காதபடி முன்கூட்டியே தீட்டி வைத்தேன். தண்ணீர் காட்டினேன். மற்றக் கோழிகள் கூட்டில் இருந்தன. கிப்லாவை நோக்கிக் கிடத்தி, ஒரே இழுப்பில் முடித்தேன். பிஸ்மில்லாஹ் தடங்கலில்லாமல் வந்தது.

மாமி குழம்பு வைத்தார்கள். முதல் கிண்ணம் டீச்சரம்மா வீட்டுக்குப் போனது. மாலையில் அந்தக் கிண்ணம் வெல்லப் பணியாரத்தோடு திரும்பி வந்தது. என் மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். கன்னத்துப் பொருக்கு காய்ந்து கறுத்திருந்தது.

"என்னை அடிச்சதுக்காகவா வாப்பா அறுத்தீங்க?"

"இல்லே."

"அப்ப எதுக்கு?"

இரண்டு சேவலுக்கு இடமில்லாததைச் சொன்னேன். பெட்டைகளின் முதுகைச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான். பிறகு, "அதை நாமதானே அப்படி வளர்த்தோம்?" என்றான். ஆமாம் என்றேன். வேறு பதில் எனக்குத் தெரியவில்லை. அவன் அன்று கறியைத் தொடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. சாப்பிட்டு எழுந்தவன் நேரே கொல்லைக்குப் போய், சாய்த்து வைத்திருந்த அந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்து அவன் உம்மாவிடம் கொடுத்தான்.

சேவல்களில் வரிசையில் மேலிருப்பதுதான் விடியலில் முதலில் கூவும், மற்றவை அதற்குப் பின்னால்தான் வரிசையாகக் கூவும் என்று அதே ஜப்பானிய அறிஞர்கள் 2015-இல் கண்டறிந்தார்கள். மறுநாள் தஹஜ்ஜுதுக்கு எழுந்து ஒளுச் செய்ய வெளியே வந்தேன். கிணற்றடிப் பக்கம் இருட்டாக இருந்தது. கோணிச்சாக்குக்குப் பின்னாலிருந்து அந்தக் கறுப்புச் சின்னச் சேவல் கூவியது. குரல் இன்னும் உடைந்து முற்றவில்லை. பாதியில் அறுந்து, மறுபடியும் கூவியது. அது முதலில் கூவி நான் கேட்டதேயில்லை. தண்ணீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, அல்லாஹ்விடம் அவனுடைய அருளைக் கேட்டேன்.